ஒரு பார்வைக்கு ஒரு மூச்சு

புன்னந்துறையில் கருவாட்டு வாசம் போன் வழியே ஊர் தாண்டிப் போக ஆரம்பித்தது ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. சூசைமிக்கேல் தன் வீட்டு மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்த நெத்திலியைப் படம் எடுத்து, ‘பிரகாசி கருவாடு’ என்கிற பக்கத்தில் போட்டுவிட்டு, வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து, பழைய சோற்றில் கை வைப்பதற்குள் குவைத்திலிருந்து மகள் ஜெசிந்தா கூப்பிட்டாள். போனுக்குள்ளே இருந்து நெத்திலி மணக்குதுப்பா என்றாள். நல்ல வெயிலில் காய்ந்த நெத்திலி அப்படித்தான் மணக்கும் என்று சொல்லிவிட்டு அவர் சோற்றைப் பிசைந்தார்.

அந்தப் பக்கத்தைத் தொடங்கிக் கொடுத்ததே ஜெசிந்தாதான். பக்கத்துக்குப் பெயராக இருந்த பிரகாசி, மிக்கேலின் மனைவி; இருபத்தாறு வருஷம் ஓலைப்பெட்டி நிறையக் கருவாட்டைத் தலையில் சுமந்து, பஸ் ஏறி, உள்நாட்டு ஊர்களில் தெருத்தெருவாகக் கூவி விற்றவள்; மூன்று வருஷத்துக்கு முன் பத்து நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். குவைத்தில் நர்ஸாக இருக்கும் மகளுக்கு அப்போது லீவு கிடைக்கவில்லை. தாயின் அடக்கத்தைப் போனில்தான் பார்த்தாள், அதிலும் பெட்டியைக் குழிக்குள் இறக்குகிற நேரம் பார்த்துப் படம் அசையாமல் நின்றுவிட்டது. மிக்கேலோ அதற்கு முன்பே மீன்பிடி வள்ளத்துக்கும் கரைக் கல்லுக்கும் நடுவில் காலைக் கொடுத்து முழங்கால் நசுங்கி, கடலுக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டவர். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சுவர்தான் இடிந்து விழும் என்று மகள் அவரைக் கருவாட்டு வியாபாரத்தில் இறக்கிவிட்டாள். காலை வெயிலில் எடுங்கப்பா, கட்டை விரல் படத்தில் விழக்கூடாதுப்பா, யார் என்ன எழுதினாலும் பதில் போடுங்கப்பா, வாரத்தில் மூன்று நாளாவது படம் போடணும்ப்பா என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் பள்ளிக்கூடத்தில் காட்டாத பணிவையெல்லாம் அந்த ஐந்து அங்குலக் கண்ணாடியிடம் காட்டினார். ஆனாலும் ஒரு வருஷம் முழுக்க அந்தப் பக்கத்தில் இருந்தது நாற்பத்து மூன்று பேர்; அதில் முப்பது பேர் சொந்தக்காரர்கள், மிச்சப் பதின்மூன்று பேர் எதற்கு வந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

புதன்கிழமைக்குப் பிறகு கதை வேறு மாதிரி ஆயிற்று. கப்பலில் வேலை பார்க்கிறவர்கள் நடுக்கடலில் பாக்கெட் ரொட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாளைக் கருவாட்டுப் படத்தைத் திறந்தார்கள், கோயம்புத்தூர் விடுதிகளில் பிள்ளைகள் சாம்பார் சோற்றுத் தட்டுக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்துச் சாப்பிட்டார்கள், சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் லிப்டுக்குள் ‘பிரகாசி கருவாடு’ பக்கத்தைத் திறக்கக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள், ஒட்டியவரே மறுநாள் படிக்கட்டில் நின்று திறந்ததாகக் கேள்வி. புன்னந்துறை மாதா கோயிலில் பிரசங்க நேரத்தில் யாரோ பெஞ்சுக்குக் கீழே வாளைக் கருவாட்டைத் திறந்துவிட, சாமியார் இரண்டு வரியை விட்டுவிட்டு மூன்றாவது வரிக்குப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு முதல் போனை அணைக்கச் சொல்கிற அறிவிப்பில் காரணத்தையும் சேர்த்துச் சொன்னார். ஒரு காலத்தில் கருவாட்டுப் பெட்டியோடு ஏறினாள், வாந்தி வருகிறது என்று மழையில் பாதி வழியில் பிரகாசியை இறக்கிவிட்ட அதே தடத்து பஸ்ஸில், கண்டக்டர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போனைத் திறந்து மூக்கருகில் பிடித்துக்கொண்டார்கள். யாருக்கும் வாந்தி வரவில்லை.

இது எப்படி நடக்கிறது என்று புன்னந்துறையில் யாரும் பெரிதாக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. போன் வழியே பேச்சு வருகிறது, ஆள் முகம் வருகிறது, வாசம் வருவதற்கு மட்டும் என்ன கேடு என்று இருந்துவிட்டார்கள். அவர்கள் கவலையெல்லாம் நடைமுறைக் கவலை. கருவாடு விற்கிற மற்றப் பெண்கள் தங்கள் பெயரில் பக்கம் திறந்து படம் போட்டுப் பார்த்தார்கள், வாசம் வரவில்லை. மிக்கேலின் பக்கத்துப் படத்தையே எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிப் பார்த்தார்கள், அதிலும் வரவில்லை. பிரகாசியின் பெயர் போட்ட பக்கத்தில் இருந்தால்தான் வாசம் என்று தெரிந்ததும், அவளோடு சேர்ந்து பெட்டி சுமந்த பெண்களெல்லாம் முறை வைத்து மிக்கேலின் மாடிக்குக் கருவாட்டைக் கொண்டுவந்து காயப்போட்டார்கள். செவ்வாய் சீலா, புதன் நெத்திலி, வெள்ளி சாளை என்று ஆயிற்று.

வாசம் போகிற கணக்கையும் அவர்களே கண்டுபிடித்தார்கள், அதாவது ஒரு பார்வைக்கு ஒரு மூச்சு. நிறையப் பேர் பார்த்த படத்திலிருந்த கருவாட்டில் பிறகு வாசம் இருக்காது. முதலில் கண்டுகொண்டது பூனைகள். முகர்ந்து பார்த்துவிட்டு, யாரோ ஏமாற்றிவிட்டதுபோல மிக்கேலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயின. பார்க்கிறவர் ஒவ்வொருவரும் ஒரு மூச்சு வாசத்தை எடுத்துக்கொண்டு போகிறார், அவ்வளவுதான். படத்தைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் எவ்வளவோ அது மீனிலேயே நின்றுவிடும். ருசி மட்டும் குறையவில்லை. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. பார்சல் ஆபீஸில் முகம் சுளித்தவர்கள் இப்போது வாசம் போன கருவாட்டை மகிழ்ச்சியாக வாங்கி வைத்தார்கள், வாடகை வீட்டுக்காரர்களுக்குத் தெரியாமல் வறுத்துத் தின்ன முடிகிறதென்று நகரத்துப் பெண்கள் கேட்டு வாங்கினார்கள். கடல் மறுபடி மறுபடி மீனைக் கொடுக்கிற வரைக்கும் வாசத்துக்குப் பஞ்சமில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள், மீனைப் பொறுத்தவரை அது சரிதான்.

மிக்கேலின் வீட்டில் மீன் அல்லாத ஒரு வாசம் இருந்தது. அது ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது, பிரகாசியின் சும்மாடு. மிக்கேல் இடுப்பில் கட்டிப் பழசான, கட்டம் போட்ட சாரத்தைக் கிழித்து, முறுக்கி, வட்டமாகச் சுற்றி, பெட்டிக்கும் தலைக்கும் நடுவில் அவள் வைத்துக்கொண்ட துணி. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரே சும்மாடு. துவைக்கவும் விடமாட்டாள், துவைத்தால் அதன் வளைவு தலைக்குப் பொருந்தாது என்பாள். அதில் தேங்காயெண்ணெய் இருந்தது, வேர்வை இருந்தது, இருபது வகைக் கருவாடு இருந்தது, எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிசாக எலுமிச்சம்பழம் இருந்தது. அவள் போன பிறகு அவர் அதை இறுக்கமான மூடி உள்ள டப்பாவாகத் தேடிப் போட்டு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் திறப்பார், முகத்தைப் புதைத்து ஒரே ஒரு மூச்சு இழுப்பார், சட்டென்று மூடிவிடுவார். அடுத்த மூச்சு அடுத்த ஞாயிறு. சாகிற வரைக்கும் வரவேண்டுமே என்று பார்த்துப் பார்த்துச் செலவழித்தார்.

எலுமிச்சம்பழம் வந்த கதையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஜெசிந்தா தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், மூன்று நாள் வலையில் ஒன்றும் படாமல் கரையேறி வந்த ஒரு மத்தியானம், விற்றுவிட்டு வந்த களைப்பில் பக்கத்தில் வந்து சாய்ந்தவளை, தள்ளிப் படுடி, நாறுது என்று சொல்லிவிட்டார். மீன் பிடிக்கிறவனுக்குக் கருவாடு நாறுகிறதாம், இதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது. அவள் எழுந்து போய் அடுப்படி வாசலில் பாயைப் போட்டுப் படுத்தாள். மறுநாள் முதல் தினமும் சாயங்காலம் கிணற்றடியில் பாதி எலுமிச்சம்பழத்தை வைத்துக் கழுத்து, முழங்கை, தலைமயிர் நுனி என்று தேய்த்துத் தேய்த்துக் குளித்தாள். அவர் அதை இருபது வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டு இருந்தார். போதும் பிரகாசி, தேய்க்காதே என்று சொல்ல நினைக்காத நாள் குறைவு. சொல்லத்தான் இல்லை.

பிரகாசியின் மூன்றாம் ஆண்டு நினைவு நாள் வந்தது. ஜெசிந்தா, அம்மாவின் பழைய ஓலைப்பெட்டியில் கருவாட்டைக் குவித்து ஒரு நல்ல படம் போடுங்கப்பா, நான் இங்கேயிருந்து அதை பூஸ்ட் பண்ணி விடுகிறேன், அம்மா பெயர் ஒரு ஐம்பதாயிரம் பேர் கண்ணில் படட்டும் என்றாள். பூஸ்ட் என்றால் என்ன என்று கேட்டதற்கு, தெருவில் நின்று கூவுவதற்குப் பதிலாகப் போனே வீடுவீடாகப் போய்க் கூவும் என்று விளக்கினாள். அது பிரகாசி செய்த வேலைதானே என்று அவருக்குப் பிடித்துப்போயிற்று.

அன்று காலை பூசை முடிந்து வந்து, பெட்டியை மாடிக்குத் தூக்கிப்போய், வாளையும் சீலாவும் நெத்திலியுமாகக் கோபுரம்போல அடுக்கி, வெயிலுக்கு நேராக வைத்தார். பெட்டியின் அடி தேய்ந்து உருண்டு போயிருந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெட்டியை வெறுந்தரையில் வைப்பது பிரகாசிக்கு ஆகவே ஆகாது. தலையிலிருந்து இறக்கினால் முதலில் சும்மாட்டைத் தரையில் போட்டு அதன்மேல்தான் பெட்டியை இறக்குவாள், எந்த வாசலில் நின்றாலும் அப்படித்தான். கருவாட்டுப் பெட்டி என்றால் அடியில் சும்மாடு இருக்கும், இது புன்னந்துறையில் பிறந்த எவருடைய கைக்கும் தெரியும். மிக்கேலின் கையும் அதைத்தான் செய்தது. கீழே போய், டப்பாவைத் திறந்து, சும்மாட்டை எடுத்து வந்து, பெட்டியின் அடியில் கொடுத்து நிமிர்த்தியது. பெட்டி நேராக உட்கார்ந்தது. படத்தில் கட்டம் போட்ட துணி பிறை அளவுக்குத்தான் தெரிந்தது. கட்டை விரல் விழாமல் எடுத்தோம் என்ற திருப்தியோடு அதைப் பக்கத்தில் போட்டுவிட்டு, கல்லறைக்கு மெழுகுவத்தி கொளுத்தப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது பக்கம் நிரம்பி வழிந்தது. எட்டாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் போட வேண்டுமே என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து வாசித்தார். கருவாட்டு வாசம் வரும் என்று திறந்தேன், எங்கள் அம்மா சந்தையிலிருந்து வந்து முந்தானையை உதறுகிற வாசம் வருகிறது என்று மதுரையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். இது என்ன மீன், எனக்கு அழுகையாக வருகிறது, ஒரு கிலோ அனுப்ப முடியுமா என்று ஒரு பெண் கேட்டிருந்தாள். இன்னொருவர் மூன்றே வார்த்தை எழுதியிருந்தார்: தேங்காயெண்ணெய், வேர்வை, எலுமிச்சம்பழம்.

மிக்கேல் மூன்றாவது வார்த்தையை வாசித்தார். முழங்கால் வலி என்ற ஒன்று இருப்பதே மறந்துபோய் மாடிக்கு ஏறினார், பெட்டியைச் சாய்த்தார், நெத்திலியும் வாளையும் தரையில் கொட்டின, சும்மாட்டை எடுத்து முகத்தில் வைத்தார். இருந்தது. கடைசியில், துணியின் உள்முறுக்கில், கொஞ்சம்போல இருந்தது. படத்தை எடுத்துவிட்டால் அந்தக் கொஞ்சமாவது நிற்கும். ஒரு நாலைந்து ஞாயிறுக்கு வரும். அவர் படத்தை நீக்குகிற இடத்துக்குப் போனார், ‘உறுதியாக நீக்கவா’ என்று போன் கேட்டது, அந்த நேரம் பார்த்து ஜெசிந்தா கூப்பிட்டாள்.

“யப்பா,” என்றாள். “அம்மா வந்திருக்கா.”

அவள் பேசிக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரியில் துணி அடுக்குகிற அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறாளாம். காலையிலிருந்து இருபது தடவைக்கு மேல் பார்த்துவிட்டாளாம். கூடத் தங்கியிருக்கும் மலையாளத்துப் பெண்ணுக்கும் ஒரு தடவை காட்டினாளாம், அந்தப் பெண்ணும் அழுததாம். அடக்கம் முடிந்த நாளிலிருந்து எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, கல்லாகப் போய்விட்டோமோ என்று பயந்து கிடந்தேன், இன்றைக்குத்தான் அழுகிறேன் என்றாள். அடைத்த மூக்கோடு அவள் பேசுவதைக் கேட்கையில் அவருக்கு அவள் சின்ன வயதில் அழுவது ஞாபகம் வந்தது.

“அந்த எலுமிச்சம்பழ வாசந்தாம்ப்பா அம்மா. சின்னப் பிள்ளையில எல்லா அம்மாவும் அப்பிடித்தான் மணப்பாங்கன்னு நெனச்சிருந்தேன். வெயிலுக்குக் குளிர்ச்சி பிள்ள, அதான் தேய்க்கேன்னு சொல்லுவா.”

குளிர்ச்சி என்று சொல்லியிருக்கிறாள். இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட, மகளிடம்கூட, அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. மிக்கேல் கொட்டிக் கிடந்த கருவாட்டுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். சும்மாடு மடியில் கிடந்தது.

“குளிர்ச்சிக்கு இல்ல பிள்ள,” என்றார். “நாந்தான் நாறுதுன்னு சொன்னேன். ஒரே ஒரு தடவ.”

குவைத்தில் ஏதோ ஒரு மணி அடித்து ஓய்ந்தது. அவள் திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவர் காத்திருந்தார். அவள் திட்டவில்லை. மூக்கை உறிஞ்சிவிட்டு, வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றாள், பிறகு சின்னக் குரலில் கேட்டாள்.

“யப்பா, படம் அங்கதான இருக்கும்? மத்தியானம் வந்து இன்னொரு தடவ பாத்துக்கிடுதேன்.”

ஒரு பார்வைக்கு ஒரு மூச்சு என்பது புன்னந்துறையின் கணக்கு. குவைத்துக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் அவள் அந்த நிமிஷமே பார்ப்பதை விட்டுவிடுவாள் என்று அவருக்குத் தெரியும், அவள் பிரகாசியின் மகள். நீக்கவா என்று கேட்டுக்கொண்டிருந்த போனில் அவர் வேண்டாம் என்பதை அழுத்தினார்.

“இருக்கும் பிள்ள,” என்றார். “எத்தன தடவ வேணும்னாலும் பாரு. அந்த விளம்பரத்த மட்டும் நிறுத்திரு. ஊருக்கெல்லாம் போதும்.”

அன்று முழுக்க அவர் மாடியை விட்டு இறங்கவில்லை. கருவாட்டைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார், நிழல் நகர நகரத் தானும் நகர்ந்து உட்கார்ந்தார், போனைப் பார்த்தார். விளம்பரம் நின்ற பிறகும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், எண்ணிக்கை ஒன்று ஒன்றாக ஏறியது, ஏறுகிற ஒவ்வொன்றும் மகளாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். சும்மாடு கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. ஒரு மூச்சு இழுக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. அவர் இழுக்கவில்லை. தன் பங்கை இருபது வருஷம் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேண்டாம் என்றவனுக்கு இன்றைக்கு என்ன பங்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வெயில் சாய்ந்தபோது மகளிடமிருந்து செய்தி வந்தது. அப்பா, இப்போது ஒன்றும் வரவில்லை, இங்கே நெட் சரியில்லையோ என்று எழுதியிருந்தாள். அவர் சும்மாட்டை எடுத்து மூக்கில் வைத்தார். பழைய சாரத்துத் துணி. வெயிலில் கிடந்த துணி எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஆமாம் பிள்ள, இங்கேயும் நெட் சரியில்லை என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தி அனுப்பினார்.

மறுநாள் செவ்வாய், சீலாவைக் காயப்போட வந்த பெண்கள் அவர் கையில் சும்மாட்டைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், விஷயம் விளங்கிவிட்டது. பிரகாசியோடு ஒரே பஸ்ஸில் ஏறி இறங்கி, அவளை மழையில் இறக்கிவிட்ட அன்று தானும் கூடவே இறங்கி நடந்த செபமாலை என்பவள் முதலில் கை நீட்டி வாங்கி முகர்ந்து, இருக்குண்ணே, லேசா இருக்கு என்றாள். அடுத்தவள் வாங்கி, ஆமா, எண்ணெ வாசம் இருக்கத்தான செய்யி என்றாள். இப்படியே ஏழு பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி முகர்ந்து இருக்கிறது என்று சாட்சி சொன்னார்கள். அவர்கள் யாரும் பொய் பேசிப் பழகியவர்கள் இல்லை, கருவாட்டு எடையில்கூட. பிறகு சும்மாட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, சீலாவைப் பரப்பினார்கள்.

அந்தப் படத்தை ‘பிரகாசி கருவாடு’ பக்கத்தில் இன்னும் பார்க்கலாம். மிக்கேல் அதை நீக்கவில்லை. வெளியூர்க்காரர்கள் யாராவது திறந்தால் ஒரு ஓலைப்பெட்டியும் கொஞ்சம் கருவாடும் தெரியும், வேறொன்றும் வராது. மற்றப் படங்களில் வாசம் வழக்கம்போல வருகிறது, வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. ஜெசிந்தா இப்போதெல்லாம் தினமும் கூப்பிடுகிறாள். அம்மா வாசம் வீட்டில் இன்னும் இருக்காப்பா என்று ஒருநாள் கேட்டாள். நிறைய இருக்கு பிள்ள, வந்து பாரு என்று சொன்னார்.

நினைவு நாளுக்கு அடுத்து வந்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மிக்கேல் அடுப்படி வாசலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். சும்மாட்டில் முகத்தைப் புதைத்து ஒரே ஒரு மூச்சு இழுத்தார். நாறவில்லை. கொஞ்சம்கூட நாறவில்லை. வாசம் வெளியே போய்விடக் கூடாதென்று, எப்போதும்போல, மூடியைச் சட்டென்று மூடினார்.